கடுவவும் பீட்டரும்

இலங்கைப் பல்கலைக்கழக வளாகங்களில் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பெயர் ‘கடுவ’. வாள் என்று பொருள். அதைக் கையில் வைத்திருப்பவன் மற்றவனை வெட்டிச் சாய்த்துவிடுவான் என்ற கசப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரியிலோ ஆங்கிலத்தில் அளந்துவிடுபவரைப் பார்த்து ‘பீட்டர் விடுறான்’ என்பார்கள். அங்கே பயம், இங்கே கிண்டல். ஆங்கில இலக்கியத்தை மேஜராக எடுக்கும் மாணவர் இந்த இரண்டில் ஒன்றைச் சுமந்துகொண்டுதான் வகுப்புக்குள் நுழைகிறார்.

இரு நாட்டுக்கும் வேர் ஒன்றுதான். 1835இல் ஆங்கிலக் கல்வி குறித்த மெக்காலேயின் குறிப்பு, 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் என்று இந்தியாவில் ஆங்கிலப் படிப்பு முன்னதாகவே காலூன்றியது. கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி லண்டன் பரீட்சைகளுக்கு மாணவர்களைத் தயார்செய்தது. இலங்கைக்கென்று சொந்தப் பல்கலைக்கழகம் வந்தது 1942இல். அதன் ஆங்கிலப் பேராசிரியர் லுடோவைக், மைசூர் மகாராஜா கல்லூரியின் சி.டி. நரசிம்மையா இருவருமே கேம்பிரிட்ஜில் படித்தவர்கள்.

வேறுபாடு வாசலில் தொடங்குகிறது.

1956இன் தனிச் சிங்களச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் இலங்கையின் கலைப்பீடங்கள் சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாறின. ஆங்கிலத் துறை தனித் தீவானது. பள்ளி இறுதியான உயர்தரப் பரீட்சையில் ஆங்கிலத்தை ஒரு பாடமாக எடுத்தவர்களே பெரும்பாலும் அங்கே போகிறார்கள். முதலாண்டில் வேறு பாடங்களும் உண்டு. பிறகு சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவானவர்கள் ஆங்கிலத்திலேயே மூழ்கி, மொத்தம் நான்கு ஆண்டுகளில் முடிக்கிறார்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் கிடையாது. ஆனாலும், உயர்தரத்தில் ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர் இல்லாத ஊரில் பிறந்த பிள்ளைக்கு அந்த வாசல்வரை வருவதே பெரும்பாடு.

தமிழ்நாட்டில் வாசல் அகலம். அரசு, உதவிபெறும், சுயநிதிக் கல்லூரிகள் எங்கும் பி.ஏ. ஆங்கிலம் உண்டு, மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர். தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு, ஆங்கிலம் பேச வந்துவிடும் என்ற நம்பிக்கையில் சேர்பவர்கள் ஏராளம். மொழி கைவருமுன்பே சாசர் வந்து நிற்கிறார். பேராசிரியர் கதையைத் தமிழில் சொல்லிப் புரியவைக்கிறார்; பரீட்சைக்குக் கைடு கைகொடுக்கிறது; மீதி அரியர். இலங்கையில் ஆங்கிலம் தெரிந்தவர் இலக்கியம் படிக்கிறார் என்றால், இங்கே இலக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்துக்குள் இறங்குகிறார்கள். இன்னொன்று: பகுதி ஒன்றில் தமிழ் இருப்பதால், ஷேக்ஸ்பியர் படிக்கும் அதே மாணவர் சங்கப் பாட்டும் எழுதித் தேற வேண்டும்.

படைப்பெழுத்து இரு நாட்டிலுமே பந்தியில் கடைசியாக வந்த கறி. இந்தியாவில் இக்னோ நெடுங்காலமாக ஆங்கிலப் படைப்பெழுத்தில் டிப்ளமா நடத்துகிறது. அசோகா போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் அதை இலக்கியத்தோடு சேர்த்து மேஜராகவே படிக்கலாம். இலங்கையில் அந்த வேலையில் ஒரு பகுதியை ஓர் இலக்கியப் பரிசு செய்தது. மைக்கேல் ஒண்டாச்சி தன் புக்கர் பணத்தில் தொடங்கிய கிரேஷியன் பரிசு 1993 முதல் உள்ளூர் ஆங்கில எழுத்தாளர்களை அடையாளம் காட்டுகிறது. ஷெஹான் கருணாதிலக 2022இல் புக்கர் வாங்குவதற்கு முன்பே, 2008இல் இதை வாங்கியிருந்தார்.

தமிழர்களைப் பொறுத்தவரை, ஆங்கில இலக்கியம் படித்தவர்களின் கைவண்ணம் மொழிபெயர்ப்பில் வெளிப்பட்டது. மைசூரில் ஆங்கிலம் படித்த ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்கள் பலவற்றை 1967இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். சென்னையில் ஆங்கில இலக்கியம் படித்த லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் பாமாவின் ‘சங்கதி’யை மொழிபெயர்த்தார். டெல்லிப் பல்கலைக்கழக ஆங்கில ஹானர்ஸ் மாணவர்கள் படித்துவந்த அந்த நூல், சுகிர்தராணியின் கவிதைகளோடு 2021இல் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்துப் பின்னர் டொரன்டோ போன செல்வா கனகநாயகம், ஈழக் கவிஞர் சேரனின் கவிதைகளை 2011இல் ஆங்கிலத்தில் தந்தார். அடுத்த ஆண்டே சேரனின் இன்னொரு ஆங்கிலத் தொகுப்பு டெல்லியில் வெளியானது. மொழிபெயர்த்த இருவரில் ஒருவர் ஹோம்ஸ்ட்ராம்.