பஞ்சகிராமியும் ஆச்சி வீடும்

பஞ்சகிராமி என்பது ஓர் ஆய்வாளர் வைத்த பெயர். சென்னைக்கு வெளியே வயற்காடாக இருந்து, பத்தே வருடத்தில் ஐ.டி. கம்பெனிகள் வந்து இறங்கிய ஒரு பகுதிக்கு ஸ்ரீராம் வெங்கட்ராமன் இட்ட புனைபெயர் அது. அங்கே பதினைந்து மாதம் தங்கி, மக்கள் ஃபேஸ்புக்கையும் வாட்ஸாப்பையும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து அவர் எழுதிய 'சோஷியல் மீடியா இன் சவுத் இந்தியா' 2017இல் யூ.சி.எல். பிரஸ் வெளியீடாக வந்தது. டேனியல் மில்லர் தலைமையில் ஒன்பது மானுடவியலாளர்கள் பிரேசில், சீனா, துருக்கி என்று ஒன்பது இடங்களில் செய்த 'ஒய் வீ போஸ்ட்' ஆய்வின் ஒரு பகுதி. பிடிஎஃப் இலவசம்.

முதல் தடவை படித்தபோது எனக்குப் பிடித்தது அதன் பொறுமை. 'நீங்க ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வாட்ஸாப் பாக்கறீங்க?' என்று கூகுள் ஃபார்ம் அனுப்பினால் நான்கூட அரை மணி நேரம் என்றுதான் எழுதுவேன். பொய் சொல்லவேண்டும் என்றில்லை, அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன். சர்வேயில் கிடைப்பது ஜனங்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. செய்வது தெரியவேண்டும் என்றால் கூடவே இருக்கவேண்டும். அப்படி இருந்ததால்தான், ஆபீஸ் நேரத்தில் மனைவிக்கு மெசேஜ் போடும் எஞ்சினியரை வெங்கட்ராமன் ஒழுங்கீனமாகப் பார்க்கவில்லை. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் கோடு அழிவது புதிதாய் வந்த ஐ.டி.காரர்களிடமும் உண்டு, பழைய ஊர்க்காரர்களிடமும் உண்டு என்று காட்டுகிறார். சமூக ஊடகம் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டதுபோலத் தெரிந்தாலும், யார் எதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைச் சாதியும் வர்க்கமும் வயதும் பாலினமும்தான் தீர்மானிக்கின்றன என்பது அவர் முடிவு. அந்த மாதிரி ஒரு ஐ.டி. சாலையில் எட்டு வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் எனக்கு அதில் மறுப்பில்லை.

இரண்டாம் தடவை படித்தபோது அந்தப் புனைபெயரில் போய் மாட்டிக்கொண்டேன். நடுவில் ஒரு காரியம் செய்திருந்தேன்.

புத்தகம் தந்த தெம்பில், காரைக்குடிப் பக்கத்து பெரிய வீடுகளில் தனியாக இருக்கும் வயதானவர்களும் வாட்ஸாப்பும் என்று ஒரு கட்டுரை எழுதினேன். சொந்த ஊர்ப்பக்கம்தானே, பதினைந்து மாதம் எதற்கு? பொங்கல் லீவு போதும். எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த ஓர் ஆச்சியிடம் மூன்று நாள் போய் உட்கார்ந்தேன். பிள்ளைகள் வெளிநாட்டில். தினமும் காலை நாலரை மணிக்குப் பிள்ளையார் படத்தோடு ஒரு குட்மார்னிங் அனுப்பிவிடுவார். எழுபத்தேழு பேருக்கு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. ஃபார்வர்டு பண்ணினால் மரியாதை இல்லையாம். ஒன்றிரண்டு வீட்டுச் சமாச்சாரங்களும் சொன்னார். 'பேரை மாத்திடுறேன் ஆச்சி' என்றேன். 'சரிப்பா' என்றார். அனுமதி வாங்கியாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பேரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். கட்டுரை வந்து பத்தே நாளில் அது அவர்கள் பங்காளிகளின் குரூப்பில் சுற்றியது. மறுபடி போனபோது ஆச்சி திட்டவில்லை. காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னார்: 'பேர மாத்துறேன்னு சொன்னே. வீட்ட மாத்தலையேப்பா.'

செட்டிநாட்டை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. அங்கே புதிதாக ஒருவரைப் பார்த்தால் வரும் கேள்விகள்: எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீடு. நகரத்தாருக்கு நகரக் கோயில்கள் ஒன்பது: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று பிள்ளையார்பட்டி வரை. ஊர்கள் எழுபத்துச் சொச்சம். அதற்குமேல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு விலாசம், நான்கைந்து எழுத்து இனிஷியல். கல்யாணம் ஆனால் அந்தத் தம்பதி கோயிலில் ஒரு 'புள்ளி'யாகக் கணக்கில் ஏறுகிறார்கள். புள்ளிவிவரம் என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். புள்ளிவிவரத்தில் புள்ளி என்றால் முகமில்லாத ஆள். அங்கே புள்ளி என்றால் இன்னார் வீட்டு இன்னார் என்று ஊருக்கே தெரிந்த ஆள்.

என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு, மறு அடையாளப்படுத்தல். லதான்யா ஸ்வீனி என்ற கணினி அறிவியலாளர் 2000இல், அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரை மூன்றே விவரங்களால் தனித்துக் காட்டிவிட முடியும் என்று கணக்குப் போட்டார்: அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, ஆணா பெண்ணா. பெயரே தேவையில்லை. எங்கள் பக்கத்துக்குக் கம்ப்யூட்டரும் தேவையில்லை. எந்த வளவு பூட்டிக்கிடக்கிறது என்று ஒரு வரி போதும், கண்டனூரில் ஆரம்பித்துக் கோலாலம்பூர் வரை நாலு பேர் சொல்லிவிடுவார்கள்.

புனைபெயர் யாரிடமிருந்து காப்பாற்றுகிறது? லண்டனில் உட்கார்ந்து படிப்பவரிடமிருந்து. அவரால் ஆச்சிக்கு என்ன ஆகிவிடப்போகிறது? ஆகக்கூடியது எல்லாம் பக்கத்து வீட்டால், சம்பந்தி வீட்டால், பங்காளியால். அவர்களுக்கு எந்தப் பெயர் போட்டாலும் தெரியும்.

இது பழைய கதைதான். 1958இல் ஆர்தர் விடிச், ஜோசஃப் பென்ஸ்மன் இருவரும் நியூயார்க் மாநிலத்துக் கிராமம் ஒன்றைப் பற்றி 'ஸ்மால் டவுன் இன் மாஸ் சொசைட்டி' என்ற நூலை எழுதினார்கள். ஊருக்கு ஸ்பிரிங்டேல் என்று புனைபெயர், ஆட்களுக்கும் புனைபெயர். யாரையும் அடையாளம் காட்டமாட்டோம் என்று அந்த ஆய்வுத்திட்டம் ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தது. ஊர்க்காரர்கள் படித்தார்கள், ஒவ்வொருவரையும் கண்டுகொண்டார்கள். அந்த ஜூலை 4 ஊர்வலத்தில் முகமூடி போட்டுக்கொண்டு, புத்தகத்தில் தங்களுக்கு வைக்கப்பட்ட பெயர்களோடு வண்டியில் வந்தார்கள். கடைசியில் ஓர் எரு வண்டி, அதன்மேல் எருவுக்குள் குனிந்து நிற்கும் ஆசிரியரின் பொம்மை. ஆய்வு நெறிகள் பற்றி நான் படித்த எந்த வழிகாட்டி நூலும் இந்த ஊர்வலத்துக்கு ஈடில்லை.

வெங்கட்ராமன் என்ன செய்திருக்கவேண்டும்? இங்கேதான் நூலின் மீதான என் புகாரும், அந்தப் புகாரின் சிக்கலும். சாதி, வர்க்கம், வயது, பாலினம்தான் பயன்பாட்டைத் தீர்மானிக்கின்றன என்பது அவர் வாதம். வாதம் நிற்கவேண்டுமானால் ஒவ்வொரு ஆளுக்கும் இந்த நான்கையும் சொல்லியாகவேண்டும். ஒருவரை ஊருக்குள் காட்டிக்கொடுப்பதும் இதே நான்குதான். எடுத்துவிட்டால் ஆய்வு பொக்கு, வைத்தால் ஆள் வெளியே. இந்த இறுக்கத்தை நூல் தன் கேள்வியாகவே எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பஞ்சகிராமி என்ற பெயர் பகுதியை மறைக்கிறது. பகுதிக்குள் இருக்கும் அண்ணனிடமிருந்து தங்கையை மறைக்க அதற்கு வலு போதாது.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றும் கேட்கலாம். என் துறை இதைவிட மோசம். 2012 ஜனவரியில் ஒரு வாரம் ஃபேஸ்புக் 6,89,003 பேரின் நியூஸ் ஃபீடில் சந்தோஷமான, சோகமான பதிவுகளைக் கூட்டிக் குறைத்து, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று பார்த்தது. 2014இல் கட்டுரையாக வந்தபோதுதான் விஷயம் உலகத்துக்குத் தெரிந்தது. அனுமதி? கணக்கு திறக்கும்போது படிக்காமல் டிக் அடித்த விதிமுறைகள்தான். ஏ/பி டெஸ்ட் என்று நாங்கள் தினமும் செய்வதும் அளவில் சிறிய இதேதான். இந்தப் பழக்கத்தில் ஊறியவன்தான் ஆச்சியின் 'சரிப்பா'வை ஒரு டிக் மார்க்காக எடுத்துக்கொண்டேன். பேரை மாற்றினால் வேறு ஆளாகிவிடுவோம் என்று நம்பி அவர் சொன்ன சரி அது. அந்த நம்பிக்கையைக் கொடுத்தது நான்.

எழுதியதைப் பிரசுரத்துக்கு முன் சம்பந்தப்பட்டவரிடம் காட்டுவது ஒரு வழி. ஆய்வாளர்கள் தயங்குகிறார்கள், அதில் நியாயம் உண்டு. காட்டினால் பஞ்சாயத்துத் தலைவரும் கம்பெனி ஹெச்.ஆரும் முதலில் பேனாவை எடுப்பார்கள். பதவியில் இருப்பவருக்கு அந்தப் பேனாவைத் தரக்கூடாது என்பேன். தன் வீட்டுக்குள் உட்காரவைத்துப் பேசியவருக்குத் தரலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெளிவில்லை.

பழைய கட்டுரையை எடுக்கச் சொல்லி எடுத்துவிட்டார்கள். குரூப்பில் போன ஸ்கிரீன்ஷாட்டை யாரும் எடுக்கப்போவதில்லை. இந்தக் கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு போனேன். ஆச்சி கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார், ஸ்பிரிங்டேல் ஊர்வலத்தில் சிரித்தார். இரண்டு வரியில் விரல் வைத்து 'இது வேண்டாம்' என்றார். எடுத்துவிட்டேன். நாலரை மணி, பிள்ளையார் படம், எழுபத்தேழு பேர் எல்லாவற்றையும் நானாகவே அடிக்கப்போனேன். பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

'அது இருக்கட்டும். எல்லாரும் பாக்கணும்னுதானே அனுப்புறேன்.'