மாட்டின் மேல் விழுந்த பழி

குழாயில் வருவது சோதிக்கப்பட்ட நீர்தானே என்று நாம் கவலையின்றிக் குடிக்கிறோம். அந்தச் சோதனை எதைத் தேடுகிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

1993 மார்ச், ஏப்ரல் மாதங்களில் அமெரிக்காவின் மில்வாக்கி நகர்ப் பகுதியில் ஏறத்தாழ 4,03,000 பேருக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியிருந்த பலர் மாண்டனர். காரணம் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி. மிச்சிகன் ஏரி நீரைச் சுத்திகரித்த இரு நிலையங்களுள் ஒன்றில் வடிகட்டல் சரியாக நடக்கவில்லை. நீர் கலங்கி வந்தது. ஆயினும் அன்றைய விதிகளின்படி அது நல்ல நீரே! விதிகள் முக்கியமாகத் தேடியது குடல் பாக்டீரியாக்களை. அவற்றைக் குளோரின் கொன்றுவிடும். சுமார் 5 மைக்ரான் அளவே உள்ள இந்த ஒட்டுண்ணியோ கெட்டியான உறைக்குள் இருப்பதால் குளோரினுக்கு அஞ்சுவதில்லை.

இது ஏரிக்கு எப்படி வந்தது? விசாரணை அறிக்கை கால்நடைச் சாணம், இறைச்சிக்கூடக் கழிவு, மனிதச் சாக்கடை ஆகிய மூன்றையும் சந்தேகித்தது. ஆனால் பலருடைய விரல் மாட்டை நோக்கியே நீண்டது. இளங்கன்றுகளிடம் இந்த ஒட்டுண்ணி மிகுதி. மாட்டினுடையதையும் மனிதனுடையதையும் நுண்ணோக்கியால் பிரித்தறியவும் முடியாது.

சில ஆண்டுகள் கழித்து, நோயாளிகளிடமிருந்து எடுத்துக் காக்கப்பட்ட மாதிரிகளின் டி.என்.ஏ.வைப் பெருக்கி ஆராய்ந்தனர். அது பெரும்பாலும் மனிதரிடையே பரவும் வகை என்று தெரிந்தது. 2002-ல் அந்த வகைக்குக் கிரிப்டோஸ்போரிடியம் ஹோமினிஸ் என்று தனிப்பெயரும் இடப்பட்டது. மேய்ச்சல் நிலத்துக்கு வேலி போட்டுவிட்டுச் சாக்கடையை மறந்திருந்தால் என்ன பயன்?

ஆனால், 'மூலக்கூறுச் சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடும்' என்று இதைக் காட்டிப் புகழ்வோருடன் நான் உடன்படவில்லை. முதலாவதாக, ஆராயக் கிடைத்தவை ஒருசில மாதிரிகளே. இரண்டாவதாக, டி.என்.ஏ. வகையைச் சொல்லும், அது வந்த வழியைச் சொல்லாது. மூன்றாவதாக, செத்த ஒட்டுண்ணியிலும் டி.என்.ஏ. இருக்கும், ஆகவே நீரில் அது கிடைத்ததாலேயே நோய் வரும் என்று முடிவு கட்ட முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நீர் கலங்கியிருந்ததை அறிய டி.என்.ஏ. தேவைப்படவில்லை. நிலையத்திலிருந்த சாதாரணக் கருவியே அதைக் காட்டியது. காட்டியதை உரிய நேரத்தில் பொருட்படுத்தத்தான் ஆளில்லை.

ஆகவே நண்பர்களே, 'சோதிக்கப்பட்டது' என்று யாராவது சொன்னால் அத்துடன் நின்றுவிடாதீர்கள். 'எதற்காகச் சோதித்தீர்கள்?' என்று கேளுங்கள். விஞ்ஞானம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.