ஸ்லோ நிற்காத வண்டி

கரிசல் பூமியான பசுவந்தனைப் பக்கத்துப் பட்டறைகளில் கேட்கிற புகார்களில் எனக்குப் பிடித்தது ஒன்று: "ஸ்டார்ட் ஆகுதுண்ணே, ஸ்லோ நிக்க மாட்டேங்குது. ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா அமந்து போகுது." பெரும்பாலான பழுதுகளுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும். இதற்குக் காது வேண்டும்.

கரிசக்காட்டுக்கு வாழ்க்கைப்பட்ட வண்டி மாருதி ஆம்னி வேன். 2019-இல் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் கார்ப்ரேட்டர் வைத்த பழைய வண்டிகள் இன்னும் கண்ணில் படுகின்றன. 796 சிசி, மூன்று சிலிண்டர். என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் சீட்டைத் தூக்கினால் மெக்கானிக்கின் காது என்ஜினுக்கு மேலேயே வந்துவிடும். மூன்று சிலிண்டருக்கென்று பிறவி நடுக்கம் ஒன்று உண்டு. அது எது, நோய் எது என்று பிரிப்பதிலேயே ஆளின் தரம் தெரிந்துவிடும். ஸ்லோவில் நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் நொடிக்கு 22 வெடிப்புக்கு மேல். அதில் ஒன்று தப்பினாலும் நல்ல காது பிடித்துவிடும்.

நான் ரசிக்கும் ஆள் எடுத்த எடுப்பில் எதையும் கழற்ற மாட்டார். ரேஸ் கொடுத்துக் கேட்பார், விட்டுக் கேட்பார். பிறகு ஏர் கிளீனரைத் தள்ளிவைத்துவிட்டு, ஓடுகிற என்ஜினின் கார்ப்ரேட்டர் வாயில் உள்ளங்கையைக் கொண்டுபோய் முக்கால்வாசி மூடுவார். சாகப்போன என்ஜின் திமிறிக்கொண்டு எழுந்தால் பாதி வழக்கு முடிந்தது: ஒன்று பெட்ரோல் குறைகிறது, இல்லை எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. மூடியதும் இன்னும் மூச்சு முட்டி அமர்ந்தால் பெட்ரோல் கூடுதல். கை ஒன்றை வைத்தே இவ்வளவும்.

அப்புறம் சோப்புத் தண்ணீர். மேனிஃபோல்டு கேஸ்கட் ஓரத்திலும் ஹோஸ் மடிப்புகளிலும் சொட்டு விடுவார். காற்று எடுக்கிற இடத்தில் தண்ணீர் உள்ளே இழுபட்டு என்ஜின் குரல் மாறும். பெட்ரோலைப் பீய்ச்சிப் பார்க்கிறவர்களும் உண்டு. அங்கே நான் நிற்பதில்லை. பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியென்றால் அதன் ஹோஸை நெரித்துப் பார்ப்பார். நெரித்ததும் ஸ்லோ நின்றால் ஓட்டை பூஸ்டரில்.

எங்கும் குரல் மாறவில்லையா? ஸ்லோ ஜெட்தான். காலை எடுத்ததும் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. மெயின் ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் அளவுக்குக் காற்றோட்டம் இருக்காது. என்ஜின் அந்த நேரத்தில் இந்தப் பொடித் துளையை நம்பித்தான் உயிர் வாழ்கிறது. டேங்க் துருவும் கேனில் வாங்கி ஊற்றிய பெட்ரோலின் கசடும் அதைத்தான் முதலில் அடைக்கும். அவர் ஜெட்டைக் கழற்றி வானத்தை நோக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். வெளிச்சம் தெரியாவிட்டால் கம்ப்ரஸர் காற்று. கம்பி விட்டுக் குத்தவே மாட்டார். பித்தளைத் துளை மயிரிழை அகன்றாலும் கலவை போச்சு.

ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகிக் கூட்டிவிட்டு "சரியாப் போச்சு" என்று அனுப்புகிறவரும் இதே தொழிலில்தான் இருக்கிறார். அவர் சரிசெய்தது பழுதையல்ல, புகாரை.

இப்போதைய இஞ்செக்ஷன் வண்டிகளில் த்ராட்டில் பாடியில் கரி படிந்தும், ஸ்லோவுக்குக் காற்று விடும் வால்வு ஒட்டிக்கொண்டும் இதே புகார் வருகிறது. ஸ்கேனரில், ஸ்லோவில் மட்டும் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி விடுவதாகவும் ரேஸ் கொடுத்தால் அது சரியாவதாகவும் காட்டினால், காற்றுத் திருட்டு என்று அர்த்தம். உள்ளங்கை சொன்ன சேதிதான், இங்கே எண்ணாக வருகிறது. ஸ்கேனரை நான் குறை சொல்லவில்லை. அந்த எண்ணைப் படிக்கவும் ஆள் வேண்டும்.

உங்கள் வண்டி ஸ்லோ நிற்காமல் பட்டறைக்குப் போனால், முதலில் பாட்டை நிறுத்துங்கள். என்ன பழுதென்று நீங்களே சொல்லாதீர்கள். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.