அச்சம் நான்கும் இற்றைத் திரையும்

மெய்ப்பாடு எட்டு என வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று காட்டினார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. பேயும் சூரும் அணங்கின்பாற்படும். புலியும் பாம்பும் விலங்கு. பொருளையும் உயிரையும் கவர்வோர் கள்வர். இறை என்பதற்கு மன்னன் என்று மட்டும் பொருள் கொள்ளுதல் போதாது. ஒருவர்மேல் ஆணை செலுத்தும் நிலையில் உள்ள எவரும், தந்தையும் கணவனும் முதலாளியும் ஆசிரியரும், அச்சொல்லுள் அடங்குவர். முதல் மூன்றும் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவன. நான்காவது வீட்டுக்குள்ளேயே இருப்பது. ஆதலின் அதனைக் கண்டுகொள்வதும் அரிது. கண்டபின் வாய்விட்டுச் சொல்வது அதனினும் அரிது.

இந்தப் பழைய பகுப்பு இற்றைத் திரைப்படங்களை எடைபோட உதவுமா என்று வினவலாம். உதவும். 2024ஆம் ஆண்டில் மூன்று தமிழ்ப் படங்கள் சில மாத இடைவெளியில் வெளிவந்தன. சுந்தர். சி. இயக்கிய 'அரண்மனை 4' மே மாதத்தில் வந்தது. அஜய் ஞானமுத்துவின் 'டிமான்டி காலனி 2' ஆகஸ்ட் 15ஆம் நாளும், பி. எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' அதற்கு எட்டு நாள் கழித்தும் வந்தன. முன்னவை இரண்டும் பேய்ப்படங்கள். பின்னது பெர்லின் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பெற்ற கலைப்படம். பார்த்தோர் பேச்சில் இவை இரு கூறாகப் பிரிந்துவிட்டன. ஒன்று பொழுதுபோக்கு, மற்றது விருதுக்காக எடுத்தது என்பதே அப்பிரிவு. உண்மையில் மூன்றும் அச்சத்தைப் பற்றியனவே. எந்த அச்சத்தைக் காட்டுகின்றன, காட்டியபின் பார்ப்போனை எந்த நிலையில் விட்டுச் செல்கின்றன என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

தோட்டப்புறமும் நால்வகை அச்சமும்

அச்சம் நான்கையும் நூலிற் படிக்காமலே அறிந்தவர்கள் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்ட மக்கள். இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பழைய பத்தாங் பெர்ஜுந்தைப் பகுதியிலேதான், 1917இல் மலாயாவின் முதல் வாணிகச் செம்பனை நடவு தொடங்கியது. அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் அம்மண்ணில், பின்னர் நெடுங்காலம் பால்மரமும் செம்பனையும் மாறி மாறி வளர்ந்தன. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, நெற்றி விளக்குடன் நிரையில் நுழைந்தவர்க்குப் பாம்பு மெய்யான அச்சம். எல்லையிலே முனியாண்டிக்குக் கோயில் எடுத்தவர்க்கு அணங்கு மெய்யான அச்சம். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் முள்வேலிக்கும் ஊரடங்குக்கும் இடையே துப்பாக்கி ஏந்தியோரை அஞ்சினர். இவை அனைத்துக்கும் மேலாகத் துரை, கிராணி, கங்காணி என்னும் இறை அச்சம் அன்றாடம் இருந்தது.

அக்காலத் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவது பெருவிழாவாக இருந்தது. 1946இல் தோன்றிய மலாயாத் திரைப்படப் பிரிவின் செய்திப்படங்கள் ஊர்தியில் ஏறி ஊர் ஊராக வந்தன. 1957இல் கேத்தே கெரிஸ் நிறுவனத்திற்காக பி. என். ராவ் இயக்கி, மரியா மெனாடோ நடித்த 'பொந்தியானாக்' என்னும் மலாய்ப் படம் சிங்கப்பூரிலிருந்து வெளிவந்து, இந்நாட்டுப் பேய்ப்பட மரபுக்கு வித்திட்டது. அதனை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்தவர். மலாய்க்காரர் அஞ்சிய பேய்க்கு ஓர் இந்தியர் திரையுருக் கொடுத்தார் என்பது கருதத்தக்கது. அச்சத்திற்கு மொழி வேலி இல்லை.

அணங்கு அகன்றபின்

'அரண்மனை 4' படத்தின் ஆற்றலைக் குறைத்துக் கூறுதல் நேர்மையாகாது. மாண்ட தாய் ஆவியாகி நின்று, தன் குழந்தையைக் கொடிய ஆவியிடமிருந்து காக்கிறாள். தமன்னா ஏற்ற அந்தத் தாய்மை பார்ப்போரைத் தொடுகிறது. அஞ்ச வைத்தவுடன் சிரிக்க வைத்து மூச்சுவிடச் செய்யும் உத்தியைச் சுந்தர். சி. நன்கு அறிந்தவர். வாரமெல்லாம் தொழிற்சாலையில் முறைவேலை பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு படம் பார்க்க அமர்பவர் அந்தச் சிரிப்பை விரும்புவதில் இழிவு ஒன்றும் இல்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. இப்படத்தின் தீமை, அசாமிய நாட்டுப்புறக் கதைகளிலிருந்து எடுத்த 'பாக்' என்னும் உருமாறும் ஆவி. அது வெளியிலிருந்து வருகிறது, வெளியேற்றப்படுகிறது. வெளியேறியபின் வீடு தூய்மையாகிறது. வீட்டில் வாழ்வோர் எவரும் தம்மைத் தாமே ஒரு கேள்வியும் கேட்டுக்கொள்ளத் தேவையில்லை. பார்த்தவரும் அவ்வாறே எழுந்து செல்கிறார். 'டிமான்டி காலனி' வரிசைப் படங்கள் இன்னும் நுட்பமாகப் பின்னப்பட்டவை. 2015இல் வந்த முதற்படத்தில், சென்னையில் உண்மையாகவே உள்ள ஒரு தெருவின் பெயரைக்கொண்டு, பாழ்வீட்டுக்குள் விளையாட்டாய் நுழைந்த நண்பர்கள் சிக்கிக்கொள்கின்றனர். அங்கே பிறர் பொருள்மேல் வைத்த ஆசைக்குத் தண்டனை உண்டு. ஆயினும் அச்சம் அந்த வீட்டோடு நின்றுவிடுகிறது, தெருவுக்கு வருவதில்லை.

பேய்ப்படம் என்பதனாலேயே ஒன்று தாழ்ந்தது என்று முடிவு கட்டுதலும் தவறு. ராகவா லாரன்சின் 'காஞ்சனா' (2011) ஒரு திருநங்கையின் ஆவியைக் கொண்டுவந்தது. நிலத்தைப் பறித்தவன் அதிகாரம் படைத்தவன்; கொல்லப்பட்டவள் ஊரார் எள்ளி நகையாடிய ஒருத்தி. அணங்கு அங்கே கைநீட்டிச் சுட்டியது இறையை. அப்படத்தின் குறை, அந்தக் கையைப் பாதியில் மடக்கிக்கொண்டதே. ஒரு கொடியவன் மாண்டதும் வழக்கு முடிந்துவிட்டது. எள்ளி நகையாடிய ஊர் விடுதலையாயிற்று. மலையாளத்து 'மணிச்சித்திரத்தாழ்' (1993) படத்தின் வழிவந்த 'சந்திரமுகி' (2005) இன்னொரு படி சென்று, பேய் என்பது மனநோய் என்றது. ஆனால் நோயாளியான பெண்ணை ஆடவர் கூடிக் குணப்படுத்தினரேயன்றி, அவள் பேச்சைக் கேட்க எவரும் அமரவில்லை.

வெறியாட்டு

அவள் பேச்சைக் கேட்பார் இல்லை என்பதையே முழுக்கதையாக்கியது 'கொட்டுக்காளி'. கல்லூரி சென்ற மீனா, வேறு சாதி இளைஞன் ஒருவனை விரும்புகிறாள். முறைமாப்பிள்ளை பாண்டிக்கு அவளை மணமுடிக்கக் குறித்திருக்கும் குடும்பத்தார், அவளுக்குப் பேய் பிடித்தது, செய்வினை வைத்தனர் என்று நம்பி, ஓர் ஆட்டோவில் ஏற்றிக் குறிசொல்பவரிடம் அழைத்துச் செல்கின்றனர். பலிக்கு ஒரு சேவலும் உடன் செல்கிறது. பின்னணி இசை கிடையாது. வண்டியின் இரைச்சலும் பறவையின் ஒலியும் மனிதர் ஏச்சுமே கேட்கின்றன. மீனா ஏறத்தாழ வாய் திறப்பதே இல்லை.

சங்க இலக்கியம் பயின்றவர்க்கு இக்கதை புதிதன்று. தலைவி காதலால் மெலிகிறாள். தாய் அதனை அணங்கின் செயல் எனக் கருதி வேலனை அழைக்கிறாள். களம் இழைக்கின்றனர், ஆட்டுக்குட்டியைப் பலியிடுகின்றனர், வேலன் வெறியாடுகிறான். நற்றிணையிலும் குறுந்தொகையிலும் அகநானூற்றிலும் இக்காட்சி மீண்டும் மீண்டும் வரும். நோய்க்குக் காரணம் வேறு என்பது பாட்டைக் கேட்போர்க்குத் தெரியும், தாய்க்குத் தெரியாது. ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் வேலனும் பலியும் மாறவில்லை. சேவல் ஒன்றுதான் ஆட்டுக்குட்டியின் இடத்தில் வந்திருக்கிறது.

மாறியது ஒன்று உண்டு. அதுவே இப்படத்தின் உயிர். சங்கப் பாட்டிலே தோழி இருக்கிறாள். அவள் வேலனை நகையாடுவாள்; தெய்வத்தையே அறியாமை உடையது என்பாள்; இறுதியில் செவிலியிடம் உண்மையை வெளிப்படுத்துவாள். அதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் அறத்தொடு நிற்றல். உண்மையைச் சொல்வதே அறத்தின் பக்கம் நிற்பது என்று கருதியவர் வைத்த பெயர் அது. மீனாவுக்குத் தோழி இல்லை. ஆட்டோவில் உடனமர்ந்த பெண்கள் அவளுக்கு உறவினரே. ஆயினும் எவரும் வாய் திறவார். ஏன் திறவார் என்பதையும் படம் காட்டுகிறது. வழியில் எங்கோ ஒலித்த பாட்டை மீனா முணுமுணுத்தாள் என்பதற்காகப் பாண்டி அவளை அடிக்கிறான். தடுத்த பெண்களும் அடிபடுகின்றனர். அணங்கைத் தேடிப் புறப்பட்ட பயணம், காண்போர் கண்முன் இறையைக் காட்டிவிடுகிறது. பேய் பிடித்தது யாருக்கு என்ற வினா அங்கே பிறக்கிறது.

குறிசொல்பவரிடம் மற்றொரு பெண்ணுக்குச் சடங்கு என்ற பெயரில் நிகழ்வதைப் பாண்டி பார்க்கிறான். அவன் முகத்தில் ஐயம் தோன்றுகிறது. அடுத்து அவன் என்ன செய்வான் என்று கூறாமலே படம் முடிகிறது. இம்முடிவைக் குறைபட்ட முடிவு என்று பலர் சினந்தனர். சினம் இயல்பானது, ஆனால் முடிவு சரியானது. பேயை எரித்து முடித்திருந்தால் பார்ப்போன் வீடு திரும்பியிருப்பான். எரிக்காமல் விட்டதனால், இல்லாத தோழியின் இடம் வெற்றிடமாகவே நிற்கிறது. அவ்விடத்தில் வந்து நிற்கப் படம் பார்ப்போனை அழைக்கிறது.

படத்திலும் குறை உண்டு. மீனாவின் மௌனம் வலிமையானது. எனினும் அவள் எதை எண்ணுகிறாள் என்று அறியும் வாயில்கள் மிகச் சில. பாண்டியின் மனமாற்றத்தை அறியும் அளவுக்கு அவள் மனத்தை அறிய முடிவதில்லை. பேசவிடாத உலகைக் காட்டும் படமே அவளைப் பேசவிடவில்லை என்று ஒருவர் கூறினால் அதனை மறுத்தல் எளிதன்று.

கள்வரும் இறையும்

இந்நாட்டுத் தமிழ்ப் படங்களும் இதே அளவுகோலில் நிற்க வல்லன. கோலசிலாங்கூரில் தோட்டம் நடத்திய பிரெஞ்சுத் துரை ஹென்றி ஃபோக்கோனியே எழுதிய மலாயா நாவல், 1930இல் பிரான்சின் கொன்கூர்ப் பரிசைப் பெற்றது. அது துரைமார் உலகிலிருந்து நோக்கிய நோக்கு. லயத்து வீட்டிலிருந்து நோக்கிய 'செம்மண் சாலை', தீபக் குமரன் மேனனின் இயக்கத்தில் 2005இலேதான் வந்தது. ரப்பர்த் தோட்டத்துப் பெண்ணொருத்தி மேற்படிப்பை விரும்புவதே அதன் கதை. அங்கே பேயும் இல்லை, கொடியவனும் இல்லை. வறுமையும் வழக்கமும் மெல்ல மெல்ல ஒரு பெண்ணின் வழியை அடைப்பதே அதில் உள்ள அச்சம்.

சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015 டிசம்பரில் வெளிவந்தது. கெட்ட என்று பொருள்படும் மலாய்ச் சொல், தமிழர் வாயில் ஒலிக்கும் வகையிலேயே தலைப்பாயிற்று. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் மொழியடிப்படையில் படங்களைப் பிரித்தது பெரும் வாதத்தை எழுப்பியது. பின்னர் அவ்விழாவிலேயே சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் விருதை இப்படம் பெற்றது. 1990களின் தொடக்கத்தில், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் அப்போய், கற்பனை வளம் மிக்கவன். பள்ளிப் பாடத்தில் ஒட்டாதவன். நன்மை நாடும் தந்தை பிரம்பைக் கையில் எடுக்கிறார். குண்டர் கும்பலோ அவனை மதித்து அழைக்கிறது.

இங்கே தொல்காப்பியர் வகுத்த கள்வரும் இறையும் அருகருகே நிற்கின்றனர். சிறுவன் எவரைக் கண்டு அஞ்சவேண்டுமோ அவரிடம் அன்பைக் காண்கிறான். எவரிடம் அன்பை நாடவேண்டுமோ அவரைக் கண்டு அஞ்சுகிறான். குண்டர்களைத் திட்டுவது எளிது. எத்தனையோ படங்கள் அதைச் செய்துள்ளன. சிறுவனை அவர்களிடம் தள்ளிய கைகளுள் தந்தை கையும் ஆசிரியர் கையும் உண்டு என்று காட்டியதே 'ஜகாட்' படத்தின் நேர்மை.

தோழியின் இடம்

செம்பனைக் காட்டுக்கும் புதிய வீடமைப்புகளுக்கும் இடையே, தோட்டம் மறைந்தும் பெயரில் தோட்டத்தைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இன்றும் நிற்கின்றன. அங்குப் பயிலும் பிள்ளைகள் பேய்ப்படம் பார்க்கின்றனர். திடலில் வெள்ளைத் துணி இல்லை, கைப்பேசியே திரை. பார்க்காதே என்று தடுப்பதால் பயன் இல்லை. தடை மேலும் ஓர் இறையச்சமாக முடியும். கலைப்படத்தை மருந்துபோல் புகட்டுவதாலும் பயன் இல்லை.

செய்யத்தக்கது எளிய ஒன்று. படம் முடிந்தபின் பெற்றோரோ ஆசிரியரோ பிள்ளையிடம் மூன்று வினாக்களைக் கேட்கலாம். இப்படத்தில் யார் யாரைக் கண்டு அஞ்சினார்? அவ்வச்சம் நான்கனுள் எதைச் சார்ந்தது? உண்மையைத் தெரிந்தும் சொல்லாதிருந்தவர் யார்? 'அரண்மனை 4' பார்த்த பிள்ளையும் இவற்றிற்கு விடை காணும். 'ஜகாட்' பார்த்த பிள்ளையும் விடை காணும். மூன்றாம் வினாவுக்கு விடை தேடும் பழக்கம் வந்துவிட்டால், திரைக்கு வெளியிலும் அது கண்ணை விழிக்கச் செய்யும்.

வகுப்பில் கலகலப்பாக இருந்த ஒரு பெண் திடீரென்று பேச்சை நிறுத்துவது உண்டு. மந்திரித்துக் கயிறு கட்டுவது தோட்டப்புறம் அறியாத செயல் அன்று. கயிறு கட்டுவோர் பகைவரும் அல்லர், அன்பினால் அஞ்சுவோரே. அன்னையின் அச்சம் அன்பிலிருந்து பிறந்தது என்பதைச் சங்கத் தோழியும் அறிவாள். அறிந்தும் அவள் உண்மையைச் சொன்னாள். கயிறு கட்டுமுன் அப்பெண்ணின் அருகில் அமர்ந்து, நடந்தது என்ன என்று கேட்க ஒருவர் இருந்தால் போதும். அந்த ஒருவர் தாயாகவும் இருக்கலாம், உடன் பயில்பவளாகவும் இருக்கலாம், ஆசிரியராகவும் இருக்கலாம். அவ்வாறு கேட்கும் துணிவை வளர்க்கும் படமே நல்ல படம், அதிற் பேய் வந்தாலும் வராவிட்டாலும்.