டிராக் கணக்கில் அளந்த டிஸ்க்

சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 கணினி 1973-இல் வந்தது. அந்த வகை இயந்திரத்தில் பெயர் வைத்தால் மட்டும் ஒரு ஃபைல் பிறந்துவிடாது. எத்தனை டிராக் (டிஸ்க்கின் வட்டத் தடம்) வேண்டும், ஒரு ரெக்கார்டு எத்தனை பைட், ஒரு பிளாக்கில் எத்தனை ரெக்கார்டு என்று முன்னதாகவே எழுதித் தர வேண்டும். வேடசந்தூர்ப் பக்கம் நிலம் வைத்திருப்பவருக்கு இது உடனே பிடிபடும். கிராமத்து நிலத்துக்கு அ-பதிவேடு இருப்பதுபோல டிஸ்க்கிலும் ஒன்று உண்டு, வி.டி.ஓ.சி. என்பார்கள். எந்த ஃபைலுக்கு எங்கே, எவ்வளவு இடம் என்பது அதில் இருக்கும். கேட்ட இடம் நிரம்பினால் வேறு மூலையில் ஒரு துண்டு கிடைக்கும். ஒரு ஃபைலுக்கு ஒரு டிஸ்க்கில் 16 துண்டுகள்தான்; அதற்குமேல் போனால் வேலை பாதியில் நின்றுவிடும்.

கெடுபிடிதான், ஆனால் அர்த்தமுள்ள கெடுபிடி. முதலில் கேட்ட இடமே கிடைக்காத சம்பளப் பட்டியல் இரவில் ஓடத் தொடங்கவே தொடங்காது.

370-க்கு முன்னோடியாக 1964-இல் அறிவிக்கப்பட்ட 360 வரிசையின் சிறிய மாடல்களில் நினைவகம் சில கிலோபைட்தான். எந்த ரெக்கார்டு எங்கே என்ற அட்டவணையை அதில் வைக்க இடமேது? அதனால் ஒவ்வொரு பிளாக்கின் பக்கத்திலும் அதை அடையாளம் காட்டும் சாவியையே எழுதினார்கள். டிஸ்க் சுழலும்போதே கட்டுப்பாட்டுக் கருவி தேடிக்கொள்ளும். கெட்டிக்கார யோசனை. ஆனால் 2314 டிஸ்க் ஒரு சுற்றுக்கு 25 மில்லி விநாடி எடுக்கும். ஒரு சிலிண்டரின் (ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த டிராக்குகளின் தொகுதி) 20 டிராக்குகளையும் துழாவினால் அரை விநாடி. அதுவரை டிஸ்க்குக்கும் கணினிக்கும் இடையிலான வழியில் வேறு யாரும் போக முடியாது. நினைவகம் மலிந்த பிறகு இந்தச் சிக்கனமே பெரும் செலவாயிற்று.

இடத்தை முன்கூட்டிக் கேட்டது பெரிய குற்றமில்லை; டிராக் கணக்கில் கேட்டதுதான் குற்றம் என்பேன். டிஸ்க்கின் உடலமைப்பு புரோகிராம் எழுதுபவர் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 1989-இல் வந்த 3390 டிஸ்க்கைப் பாருங்கள். 80 பைட் ரெக்கார்டுகளைத் தனித்தனியாக எழுதினால் ஒரு டிராக்கில் 78 அடங்கும். 27,920 பைட் பிளாக்குகளாகக் கட்டினால் 698. பிளாக் அளவு என்ற ஒரே ஓர் எண்ணை யோசிக்காமல் போட்டவருக்குப் பத்தில் ஒன்பது பங்கு இடம் காலி.

யூனிக்ஸ் 1970-களிலேயே இந்தப் பாரத்தை இறக்கி வைத்தது: ஃபைல் என்பது வெறும் பைட் வரிசை, இடம் தேடுவது கணினியின் பாடு. ஐ.பி.எம். வழியில் அப்படி இறக்க முடியவில்லை. டிராக் எண்ணிக்கை கோடிக்கணக்கான புரோகிராம் வரிகளுக்குள் ஊறிவிட்டது. இன்றைய மெயின்ஃபிரேம்களுக்குப் பின்னால் இருப்பது ஃபிளாஷ் சேமிப்பு. அதில் சுழல ஒன்றுமில்லை. ஆனாலும் அது 56,664 பைட் டிராக் கொண்ட 3390-ஆகவே வேடம் போட்டுக்கொண்டிருக்கிறது.