பரணில் கிடக்கும் லேப்டாப்பில் கெர்னலை ரசிப்பது எப்படி?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் பல வீட்டுப் பரண்களில் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் ஒன்று கிடக்கும். 2011இல் தொடங்கிய திட்டம் அது. விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. பாஸ் 2007இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய என்.ஆர்.சி.ஃபாஸ் மையத்தை சென்னை சி-டாக்கும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சேர்ந்து நடத்தின. தாம்பரத்திலிருந்து ரயிலில் இரண்டே ஸ்டேஷன்.

லேப்டாப்பை இறக்கித் தூசி தட்டுங்கள். பேட்டரி போயிருக்கும், சார்ஜரில் ஓடும். பாஸ் லினக்ஸில் நுழைந்து டெர்மினலைத் திறங்கள். கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, ரசிக்க ஒரு சூத்திரம் போதும்: யார் ஓடுகிறார் என்பதைவிட யார், எதற்காகக் காத்திருக்கிறார் என்று கவனியுங்கள்.

தூங்குபவர்களை எண்ணுங்கள்

'டாப்' என்று தட்டுங்கள். நூற்றுக்கும் மேல் ப்ராசஸ்கள் இருக்கும். நிலையைச் சொல்லும் பத்தியில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் 'எஸ்', அதாவது தூக்கம். உங்கள் டெர்மினலும் அடுத்த எழுத்து வரும்வரை தூங்குகிறது. இப்போது பெரிய 'எச்' அழுத்துங்கள். பட்டியல் நீளும். ஒரே ப்ராசஸுக்குள், ஒரே நினைவகத்தைப் பங்கிட்டு ஓடும் த்ரெட்கள் தனித்தனியாகத் தெரியும். கெர்னல் வரிசையில் நிறுத்துவது இவர்களைத்தான்.

பாரபட்சத்திலும் ஒரு நியாயம்

'யெஸ்' என்றொரு கட்டளை உண்டு. நிறுத்தும்வரை 'ஒய்' என்ற எழுத்தை அச்சடித்துக்கொண்டே இருக்கும். அந்த வெளியீட்டை 'டெவ்-நல்' என்ற குப்பைத்தொட்டிக்குத் திருப்பிவிட்டு, 'டாஸ்க்செட்' மூலம் இரண்டு யெஸ்களை ஒரே கோரில், ஒரே டெர்மினலில் ஓட விடுங்கள். டாப்பில் பாருங்கள்: ஆளுக்குப் பாதி. இங்கோ மோல்னார் எழுதி 2007இல் லினக்ஸில் சேர்ந்த சி.எஃப்.எஸ். ஷெட்யூலரின் வேலை இது. இதுவரை குறைவாக ஓடியவருக்கு அடுத்த வாய்ப்பு, அவ்வளவுதான் விதி. (2023இல் வந்த லினக்ஸ் 6.6 முதல் இ.இ.வி.டி.எஃப். வந்துவிட்டது, அது கெடுவையும் பார்க்கும்.)

டாப்பில் 'ஆர்' அழுத்தி ஒரு யெஸ்ஸின் நைஸ் எண்ணை, அதாவது பிறருக்கு விட்டுக்கொடுக்கும் அளவை, 19 ஆக்குங்கள். பங்கு ஏறத்தாழ 98.5, 1.5 சதவீதம் என்று மாறும். அந்தக் கடைசி ஆள் ஒரு நொடி ஓடினால் 68 நொடி ஓடியதாகக் கெர்னல் கணக்கு எழுதிக்கொள்கிறது. இருந்தும் அவரைப் பட்டினி போடுவதில்லை. அந்த ஒன்றரைதான் ரசிக்க வேண்டிய இடம்.

மேடை நிறைந்தால் கரண்டி ஓயும்

யெஸ்ஸின் வெளியீட்டை ஒரு பைப் வழியாக, பக்கம் பக்கமாகக் காட்டும் 'லெஸ்'ஸுக்கு அனுப்புங்கள். இன்னொரு ஜன்னலில் டாப்பைப் பார்த்தால், இத்தனை ஆட்டம் போட்ட யெஸ் தூங்குகிறது! லெஸ் ஒரு பக்கம் படித்துவிட்டு நின்றுவிட்டது. பைப் கொள்ளும் 64 கேபி நிரம்பியதும் கெர்னல் யெஸ்ஸை உறங்கப் போட்டுவிட்டது. டிபன் கடையில் தட்டுகள் மேடையை நிறைத்துவிட்டால் தோசை மாஸ்டர் கரண்டியைக் கீழே வைப்பாரே, அதே போல. பைப் என்ற டக் மெக்கில்ராயின் யோசனையைக் கென் தாம்ப்ஸன் 1973இல் யுனிக்ஸில் சேர்த்தார்.

ஆம்புலன்ஸும் மீன்பாடி வண்டியும்

காத்திருப்பு தப்பாகப் போவதையும் பார்க்க வேண்டும். மேற்குத் தாம்பரம் சண்முகம் ரோட்டில் ஒரு ஆம்புலன்ஸ் வருவதாக வைத்துக்கொள்வோம். முன்னால் மீன்பாடி வண்டி. ஜி.எஸ்.டி. ரோட்டில் மாநகரப் பேருந்துகள் விடாமல் போவதால் வண்டி திரும்ப முடியவில்லை. பேருந்துகள் ஆம்புலன்ஸை மறிக்கவே இல்லை. ஆனாலும் அவைதான் அதை நிறுத்தி வைத்திருக்கின்றன.

1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது இப்படித்தான். வானிலைத் த்ரெட்டின் கையில், மற்றவரைக் காத்திருக்க வைக்கும் பூட்டு. தரவுப் பஸ் மேலாண்மைத் த்ரெட்டுக்கு அது அவசரமாகத் தேவை. இடையில் தகவல்தொடர்புத் த்ரெட் ஓடிக்கொண்டிருந்தது. தீர்வு, போக்குவரத்துக் காவலர் செய்வதேதான்: ஆம்புலன்ஸின் முன்னுரிமையை மீன்பாடி வண்டிக்குக் கொஞ்ச நேரம் கொடுத்து அதை முதலில் வெளியேற்றுவது. பூமியிலிருந்து அனுப்பிய ஒரு சின்ன மாற்றம் அதைச் செய்தது.

கடைசியாக, யெஸ்களை எல்லாம் நிறுத்துங்கள். சற்று நேரத்தில் விசிறிச் சத்தம் இறங்கும். ஓட ஆளில்லை என்றானதும் கெர்னல் சி.பி.யு.வையே உறங்க வைத்துவிடுகிறது. ஒரு எழுத்தைத் தட்டிப் பாருங்கள், எழுந்துகொள்ளும்.