கடைசிக் கம்பத்துக்காரர்கள்

2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயல், மலையகத்தில் மின்கம்பிகளோடு பாதைகளையும் சேர்த்து அறுத்துப்போட்டது. பாக்கு நீரிணைக்கு இருபுறமும் மின்சாரத்தை மீட்க மின்வாரியங்களின் கையிலிருக்கும் வரிசை என்னவோ ஒன்றுதான்.

அறுந்த கம்பியில் மின்சாரத்தை நிறுத்துவது முதல் வேலை. காய்ந்த மண்ணிலோ தார்ச்சாலையிலோ விழுந்த 11 கிலோவோல்ட் கம்பி போதிய மின்னோட்டத்தை இழுக்காது. துணைமின் நிலையத்தில் பிரேக்கர் விழாமலே போகலாம். பொறி பறக்காமல் கிடப்பதைச் செத்த கம்பி என்று மிதித்து உயிரை விட்டவர்கள் உண்டு. அடுத்து உயரழுத்தக் கோபுரங்கள், துணைமின் நிலையங்கள், ஆஸ்பத்திரிக்கும் குடிநீருக்கும் போகும் பீடர்கள் எனும் மின்தடங்கள், டிரான்ஸ்பார்மர்கள். வீட்டு இணைப்பு கடைசி. ஒரு பீடர் உயிர்பெற்றால் ஆயிரக்கணக்கான வீடுகளில் விளக்கெரியும் என்பதால் இந்தக் கணக்கில் குறை சொல்ல முடியாது.

ஆள்பலத்தில்தான் வித்தியாசம். கஜாவுக்குக் கேரளத்து மின் ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். இலங்கைக்கு அப்படி அக்கம்பக்கம் கிடையாது. ஒரு மாகாணத்துக் குழுவை இன்னொன்றுக்கு அனுப்பலாம், நாடே அடிபட்டால் அதுவும் சிரமம். மண்சரிவை அகற்றும்வரை கம்பம் ஏற்றிய லொறி அடிவாரத்தில் நிற்கவேண்டியதுதான். ஒன்றில் மட்டும் இலங்கை முந்தி நிற்கிறது: நீர்கொழும்பு முதல் காலி வரை கரையோர நகரங்கள் பலவற்றுக்கு மின்சாரம் தரும் லெகோ நிறுவனம், தாழ்வழுத்தத்தில் உறையிட்டு முறுக்கிய கம்பிகளைப் பரவலாகப் போட்டிருக்கிறது. கிளை விழுந்தால் அவை எளிதில் அறுவதில்லை. நம் காவிரி டெல்டா கிராமங்களில் இன்னும் பெரும்பாலும் வெறுங்கம்பிதான்.

வரிசையின் வாலில் நிற்பவர்கள் அங்கே தேயிலைத் தோட்டத்து லயன் வரிசைவீடுகளில் வாழும் குடும்பங்கள், இங்கே வயல் நடுவே தனிவீட்டுக்காரரும் பம்புசெட் விவசாயியும். கஜாவுக்குப் பிறகு டெல்டாவில் மறியல்கள் நடந்தன. கடைசியில் நிற்பதைச் சனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். எப்போது முறை வரும் என்று யாரும் சொல்லாததைப் பொறுக்கமாட்டார்கள். எந்தப் பீடருக்கு எந்த நாள் என்று ஊராட்சி அலுவலகத்திலும் கிராம அலுவலர் வாசலிலும் எழுதி ஒட்ட எவ்வளவு செலவாகும்?

அறுந்த கம்பியைக் கண்டால் கிட்டப் போகாதீர்கள், பிறரையும் விடாதீர்கள். தமிழ்நாட்டில் 94987 94987, இலங்கையில் 1987 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.